உளவியல் சோதனைகளை நூலகத்தில் தேடுவது எப்படி? சுங்கை சிப்புட் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இடைநிலைப்பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியை. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் இருந்துகொண்டு பகுதிநேரமாகப் பட்டம் படிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கவுன்சலிங் படிப்பில் சேர்ந்திருக்கும் என் பழைய மாணவர்கள், பிள்ளையின் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பும் பெற்றோர் ஆகியோர் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

டீச்சர், நூலகத்துக்குப் போனால் சோதனைத்தாள் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

உளவியல் சோதனைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பதிப்பகங்கள் விலைக்கு விற்பவை. குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்கும் வெக்ஸ்லர் சோதனையும், மனச்சோர்வுக்கான பெக் வினாநிரலும் இந்த வகை. பெக்கின் இரண்டாம் பதிப்பு 1996இல் வந்தது, 21 கேள்விகள். இவற்றைப் பணம் இருக்கிறது என்பதற்காக யாரும் வாங்கிவிட முடியாது. பதிப்பகம் உங்கள் படிப்பையும் பயிற்சியையும் கேட்கும். ஏ, பி, சி என்று தகுதிநிலை வைத்திருக்கிறார்கள். வெக்ஸ்லர் போன்றவை மேல்நிலையில் இருக்கும்.

இன்னொன்று, ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வுக்காக உருவாக்கிக் கட்டுரையோடு வெளியிட்டவை. ரோசன்பர்க்கின் தன்மதிப்பு அளவுகோல் அப்படிப்பட்டது. 1965இல் வந்தது, பத்தே கேள்விகள். இந்த வகையைத்தான் நூலகத்தின் வழியாக முழுமையாகப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

விலைக்கு விற்பவற்றை ஏன் பூட்டி வைக்கிறார்கள் என்று கோபப்படுபவர்கள் உண்டு. காரணம் எளிது: கேள்வியை முன்கூட்டியே பார்த்துவிட்ட பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. 1921இல் வெளிவந்த ரோர்ஷாக் மைத்தடச் சோதனையின் பத்து அட்டைகளும் 2009இல் விக்கிப்பீடியாவில் வைக்கப்பட்டபோது உளவியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். காப்புரிமைக் காலம் முடிந்ததைப் போடுவதில் தவறில்லை என்று மறுபக்கம் வாதிட்டது. சட்டப்படி மறுபக்கம் சொன்னது சரி. ஆனாலும் என் மனம் உளவியலாளர்கள் பக்கம்தான்.

அப்படியானால் நூலகத்தில் எனக்கு என்னதான் இருக்கிறது?

சோதனையைப் பற்றிய எல்லாம் இருக்கிறது: யார் உருவாக்கினார்கள், யாரிடம் சோதித்துப் பார்த்தார்கள், எங்கே சறுக்குகிறது. ஆய்வேடு எழுதுகிறவருக்குத் தாளைவிட இதுதான் முக்கியம்.

இதற்கு மூத்த நூல் ‘மென்டல் மெஷர்மென்ட்ஸ் இயர்புக்’. அமெரிக்காவில் ஆஸ்கார் பியூரோஸ் என்பவர் 1938இல் தொடங்கிய வரிசை. சோதனை விற்பவர்கள் தங்கள் சரக்கைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ‘இதைத் தொடர்பில்லாத வேறு ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்’ என்பதுதான் அவருடைய பிடிவாதம். 1978இல் அவர் இறந்தபின் பணி நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு மாறியது. பியூரோஸ் மையம் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. ஒரு சோதனைக்குப் பொதுவாக இரண்டு நிபுணர்கள் தனித்தனியாக விமர்சனம் எழுதுவார்கள். இருவரும் ஒத்துப்போகாத இடத்தைத் தேடிப் படியுங்கள். உங்கள் ஆய்வேட்டில் விவாதிக்க வேண்டிய விஷயம் அங்கேதான் இருக்கும்.

விமர்சனம் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சோதனையின் விவரிப்பு, உருவான விதம், தொழில்நுட்பத் தகவல், கருத்துரை, சுருக்கம் என்ற வரிசையில் இருக்கும். முதல்முறை படிப்பவர்கள் தொழில்நுட்பத் தகவலுக்கு நேரே போய், யாருடைய மதிப்பெண்களோடு ஒப்பிட்டு இந்த அளவுகோலை வகுத்தார்கள் என்று பாருங்கள். ‘அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள்’ என்று எழுதியிருந்தால் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்; நம் பிள்ளைகளுக்கு அது பொருந்தாமல் போகலாம்.

இதன் துணை நூல் ‘டெஸ்ட்ஸ் இன் பிரின்ட்’. அதில் விமர்சனம் இருக்காது. தற்போது விற்பனையில் உள்ள சோதனைகளின் பெயர், நோக்கம், யாருக்கானது, யார் வெளியிடுகிறார்கள் என்பது மட்டும். பெயர் தெரியாமல் ‘படிவம் 2 மாணவர்களின் தேர்வு பயத்தை அளக்க ஏதாவது இருக்கிறதா’ என்று தொடங்குபவர்களுக்கு அது நல்ல இடம்.

நம்மூரில் இதெல்லாம் ஏது? ஈப்போவுக்குத்தான் போகணுமா?

இந்த நூல்களை ஊர் நூலகத்தின் அலமாரியில் எதிர்பார்க்காதீர்கள். ஈப்போ துன் ரசாக் நூலகத்தில் உளவியல் பாடநூல்களும் ஆய்வுமுறை நூல்களும் பார்க்கலாம். அடிப்படைக்கு அது போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால், ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் தேடித் தரும் தரவுத்தளங்கள்தான். அவற்றுக்கு எங்கும் போகத் தேவையில்லை, உள்நுழையும் கணக்கு இருந்தால் போதும்.

மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. கட்டணத்தில் மின்நூலகமும் சேர்த்தி. ஆனால் என்னிடம் வருபவர்களில் பலர் கடைசிப் பருவம்வரை அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். கூகுளில் கிடைத்த பிடிஎஃப் ஒன்றை வைத்துக்கொண்டு அல்லாடுவார்கள். முதலில் உங்கள் பல்கலைக்கழக நூலகப் பக்கத்தில் நுழைந்து, தரவுத்தளப் பட்டியலில் எப்ஸ்கோ, ஓவிட், புரோகுவெஸ்ட் ஆகிய பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மாணவராக இல்லாதவர்கள் தேசிய நூலகத்தின் ‘யு-புஸ்தகா’வில் ஐசி எண்ணை வைத்து உறுப்பினராகலாம். அங்கே எந்தத் தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டியிருக்கிறார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதனால் போன வருடம் பார்த்ததை நம்பாமல் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நேரில் போக நினைத்தால் தஞ்சோங் மாலிமில் உப்சியின் துவாங்கு பைனுன் நூலகம் இருக்கிறது, வடக்கே பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் ஹம்சா செண்டுட் நூலகம் இருக்கிறது. உப்சி ஆசிரியர் கல்விக்கென்றே வளர்ந்த பல்கலைக்கழகம். பள்ளி, கவுன்சலிங் தொடர்பான ஆய்வேடுகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. வெளியாருக்கு அனுமதி எப்படி, கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரே ஒரு கட்டுரையோ அத்தியாயமோதான் வேண்டுமென்றால் பயணமே வேண்டாம். நீங்கள் உறுப்பினராக உள்ள நூலகத்தில் ‘பிஞ்சாமான் அந்தாரா பெர்புஸ்தகாஆன்’ பாரம் கேளுங்கள். அவர்களே மற்ற நூலகத்திடம் கேட்டு வாங்கித் தருவார்கள்.

தேடுபெட்டியில் என்ன எழுதுவது? எதை எழுதினாலும் ஆயிரக்கணக்கில் வருகிறதே!

சோதனையின் முழுப்பெயரை மேற்கோள்குறிக்குள் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அப்புறம் சுருக்கப்பெயரையும் தனியே தேடுங்கள். சுருக்கப்பெயரை மட்டும் தேடினால் அதே எழுத்துகளைக் கொண்ட வேறு ஏதாவது ஒன்று வந்து நிற்கும். பதிப்பு எண்ணையும் கவனியுங்கள். பெக் வினாநிரல் முதலில் வந்தது 1961இல். அந்தப் பழைய பதிப்பைப் பற்றிய கட்டுரையை 1996 பதிப்புக்கு ஆதாரமாகக் காட்டுவது நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு.

‘சைக்இன்ஃபோ’ தரவுத்தளம் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அதில் ‘டெஸ்ட்ஸ் அண்ட் மெஷர்ஸ்’ என்று தனிப்புலம் இருக்கிறது. அங்கே சோதனையின் பெயரைக் கொடுத்தால், அந்தச் சோதனையை உண்மையிலேயே பயன்படுத்திய கட்டுரைகள் மட்டும் வரும். பெயரைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனவை வராது. ‘சைக்இன்ஃபோ’வை நடத்தும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் இன்னொரு தரவுத்தளமான ‘சைக்டெஸ்ட்ஸ்’ 2011இல் வந்தது. கடையில் விற்காத, ஆய்வாளர்கள் உருவாக்கிய கருவிகளுக்கு அதுதான் முதல் இடம். பலவற்றுக்கு வினாநிரலே இணைக்கப்பட்டிருக்கும். உடல்நலம் சார்ந்த கருவிகளுக்கு ‘ஹாப்பி’ என்றொரு தரவுத்தளம் உண்டு. பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நல்ல சரக்கு உள்ளது.

சந்தா எதுவுமே இல்லையா? கல்வி தொடர்பானவற்றுக்கு ‘எரிக்’ தரவுத்தளம் இலவசம். கூகுள் ஸ்காலரில் மூலக் கட்டுரையைக் கண்டுபிடித்து, அதன் கீழே ‘இதை மேற்கோள் காட்டியவை’ என்ற இணைப்பை அழுத்தி, அந்தப் பட்டியலுக்குள் மட்டும் ‘மலேசியா’, ‘வேலிடேஷன்’ என்று மறுபடி தேடுங்கள். ஆயிரம் கட்டுரை பத்தாகக் குறையும். என்னைக் கேட்டால் இந்த ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டவருக்கு மற்றதெல்லாம் தானே வரும்.

தமிழிலோ மலாயிலோ உள்ள பதிப்பை எங்கே தேடுவது?

நம் ஊருக்கு முதன்மையான கேள்வி இதுதான் என்பேன்.

டாஸ்-21ஐ எடுத்துக்கொள்வோம். மனச்சோர்வு, பதற்றம், மனஅழுத்தம் மூன்றையும் அளக்க ஆஸ்திரேலியாவில் லவிபான்ட் என்ற பெயருடைய இரு ஆய்வாளர்கள் உருவாக்கியது, 1995. ஒவ்வொன்றுக்கும் ஏழு கேள்விகள். வரும் மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கிப் படிக்க வேண்டும். இலவசம் என்பதால் நம் நாட்டில் பள்ளி முதல் கிளினிக் வரை எங்கும் பார்க்கலாம். அதன் மலாய் பதிப்பைச் சோதித்த கட்டுரை 2007இல் ஆசியான் உளமருத்துவ இதழில் வந்தது. 2017 தேசிய உடல்நல ஆய்வில் பதின்ம வயது மாணவர்களிடம் இதே மலாய் வினாநிரலைக் கொடுத்தார்கள். மனச்சோர்வு அறிகுறி 18.3 விழுக்காடு, பதற்றம் 39.7 விழுக்காடு என்று வந்தது. பத்திரிகைகள் ஐந்தில் ஒருவர், ஐந்தில் இருவர் என்று தலைப்பிட்டன.

இப்போது அந்த 39.7ஐ ஓர் ஆய்வாளரின் கண்ணோடு பாருங்கள். டாஸின் பதற்றப் பகுதியில் வாய் உலர்வது, மூச்சு விடச் சிரமம், கை நடுக்கம், இதயத் துடிப்பு என்று உடல் அறிகுறிகள் நிறைய வருகின்றன. அது முதற்கட்டமாகச் சலித்தெடுக்கும் கருவி, நோய் நிர்ணயம் இல்லை. ‘ஐந்தில் இருவருக்குப் பதற்ற நோய்’ என்று ஆய்வேட்டில் எழுதினால் மேற்பார்வையாளர் சிவப்பு மை போடுவார், போடவும் வேண்டும்.

தமிழுக்கு வருவோம். டாஸ், மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்வி வினாநிரலான பிஎச்கியூ-9 போன்றவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. ஆனால் மொழிபெயர்ப்பு இருப்பதும், அது சரியாக அளக்கிறது என்று நிரூபித்திருப்பதும் இரண்டு வேறு விஷயங்கள். எடுத்துக்காட்டாக, சென்னையில் 25,000க்கும் அதிகமானோரிடம் பிஎச்கியூவின் 12 கேள்வி வடிவத்தைப் பயன்படுத்தி நடந்த ஆய்வு 2009இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வந்தது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். நல்ல ஆய்வு. ஆனால் அது சென்னைப் பெரியவர்கள். மலாய்ப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழும் நண்பர்களிடம் மலாயும் பேசும் லிந்தாங் பக்கத்துப் பதினைந்து வயதுப் பையனுக்கு எந்த மொழித் தாளைக் கொடுப்பது? தமிழ்ப்பிள்ளை என்பதற்காகத் தமிழ்த் தாளைக் கொடுத்துவிடாதீர்கள். அவன் எந்த மொழியில் வேகமாகப் படிக்கிறானோ அதைக் கொடுங்கள், எதைக் கொடுத்தீர்கள் என்று ஆய்வேட்டில் எழுதுங்கள்.

மலேசியத் தமிழர்களிடம் சோதித்த கட்டுரைகளைத் தேட, உப்சி, யுஎஸ்எம், மலாயாப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் மின்களஞ்சியங்களுக்குப் போங்கள். ஆய்வேடுகள் அங்கே பதிவாகின்றன. மலாய்ச் சொற்களிலும் தேடுங்கள்: ‘கெசாஹான்’ (ஏற்புடைமை), ‘கெபொலேபெர்சாயாஆன்’ (நம்பகத்தன்மை), ‘முரிட் இந்தியா’ (இந்திய மாணவர்). ஆங்கிலத்தில் மட்டும் தேடுபவர்களுக்குப் பாதி கண்ணில் படாது. ‘ஜுர்னல் சைக்கோலோகி மலேசியா’வின் பழைய இதழ்களையும் புரட்டுங்கள்.

எதுவும் கிடைக்கவில்லையென்றால்? அதுவே ஒரு கண்டுபிடிப்பு. ‘இத்தரப்பினரிடம் இக்கருவி சோதிக்கப்பட்ட சான்று கிடைக்கவில்லை, தேடிய இடங்கள் இவை’ என்று எழுதலாம். நீங்களே மொழிபெயர்க்கப் போகிறீர்கள் என்றால், ஒருவர் மொழிபெயர்த்து, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி மொழிபெயர்த்து, இரண்டையும் ஒப்பிடும் முறையைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். அனைத்துலகச் சோதனை ஆணையத்தின் வழிகாட்டி இணையத்தில் இலவசம்.

கட்டுரையில் ஆல்ஃபா 0.85 என்று போட்டிருக்கிறது. போதும்தானே?

போதாது. குரோன்பாக் 1951இல் விளக்கிய இந்த எண், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும்; இது நம்பகத்தன்மையின் ஓர் அளவு. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பதை, அதாவது ஏற்புடைமையை, சொல்லாது. ஒரே கேள்வியை இருபது விதமாகக் கேட்டால் ஆல்ஃபா உயரும். அதனால் சோதனை நல்லதாகிவிடாது. தவிர, ஆல்ஃபா அந்தக் கட்டுரையில் பதில் சொன்னவர்களுக்கு உரியது. உங்கள் மாணவர்களிடம் நீங்களே கணக்கிட வேண்டும். நம்பகத்தன்மைக்கு ஒரு பத்தி, ஏற்புடைமைக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் தைக்கிறவர் இரண்டையும் படிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு பழைய ஆய்வேட்டின் பின்னிணைப்பில் முழு வினாநிரலும் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தலாமா?

அந்த மாணவர் அனுமதி வாங்கினார் என்பதால் உங்களுக்கும் அனுமதி கிடைத்ததாக ஆகாது. அவர் வாங்கினாரா என்பதே சந்தேகமாக இருக்கும் சில இடங்களில். மூல ஆசிரியர் யார் என்று கட்டுரையிலிருந்து கண்டுபிடித்து, சுருக்கமாக மின்னஞ்சல் போடுங்கள்: நீங்கள் யார், எங்கே படிக்கிறீர்கள், எத்தனை பேரிடம், எந்த மொழியில், வணிக நோக்கமில்லை. பல ஆய்வாளர்கள் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். பதிலைப் பத்திரமாக வைத்து உங்கள் பின்னிணைப்பில் சேருங்கள். ‘சைக்டெஸ்ட்ஸ்’ பதிவுகளில் அனுமதி நிபந்தனை அங்கேயே எழுதியிருக்கும், அதையும் படியுங்கள்.

அனுமதி கேட்கும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு ‘ஐப்பிப்’ என்ற ஆளுமைக் கேள்வித் தொகுப்பு இருக்கிறது. லூயிஸ் கோல்ட்பர்க் தொடங்கியது. 3,000க்கும் மேற்பட்ட கேள்விகள், அனைத்தையும் யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். விலைக்கு விற்கும் பெரிய ஆளுமைச் சோதனைகளுக்கு ஈடான அளவுகோல்களும் அதிலேயே உண்டு.

பள்ளியில் ஆய்வு நடத்தத் தலைமையாசிரியர் சரி என்றால் போதுமா?

இல்லை. கல்வி அமைச்சின் ஈராஸ் முறையில் விண்ணப்பிக்க வேண்டும். அமைச்சின் ஆய்வுப் பிரிவு, அடுத்து மாநிலக் கல்வி இலாகா, அப்புறம்தான் பள்ளி. வினாநிரலையும் சேர்த்து அனுப்ப வேண்டும், ஆகவே கருவியை முடிவு செய்யாமல் விண்ணப்பம் நகராது. நேரம் பிடிக்கும், பருவ இறுதியில் ஓடி வராதீர்கள். பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

பிஎச்கியூ-9ஐ எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம், தன்னைக் காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. ஒரு பிள்ளை அங்கே ‘தினமும்’ என்று வட்டமிட்டால் அன்றே என்ன செய்வீர்கள்? அதற்கு ஏற்பாடு இல்லாமல் அந்தத் தாளைக் கொடுக்கக் கூடாது. பள்ளிக் கவுன்சலரிடம் முன்பே பேசி வையுங்கள். உடல்நல அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி 15555 எண்ணையும் தாளோடு கொடுங்கள்.

என் மகனின் ‘மினாட் கெர்ஜாயா’ (தொழில் ஆர்வச் சோதனை) முடிவில் மூன்று எழுத்து வந்திருக்கிறது. இதை நூலகத்தில் எப்படிப் படித்துப் புரிந்துகொள்வது?

அம்மாக்கள் அதிகம் கேட்பது. அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பது ஜான் ஹாலண்டின் ஆறுவகைக் கோட்பாடு: கைவேலை நாட்டம், ஆராயும் நாட்டம், கலை, சமூகம், முனைவு, ஒழுங்குமுறை. எந்தத் தொழில்வழிகாட்டிப் பாடநூலிலும் ஹாலண்டுக்கு ஓர் அத்தியாயம் இருக்கும்; அதைப் படித்தால் போதும். அது ஆர்வத்தைச் சொல்கிறது, திறமையை அல்ல. பதினான்கு வயதில் வந்த எழுத்து பதினேழில் மாறலாம். ஒரு தாய் அதைப் பார்த்து ‘அப்ப டாக்டராக முடியாதா டீச்சர்?’ என்று கேட்டார். முடியும், முடியாது என்று அந்தத் தாள் சொல்லவே இல்லை. முடிவை எடுத்துக்கொண்டு பள்ளிக் கவுன்சலரைப் பாருங்கள். விளக்குவது அவருடைய வேலை.

வெளியில் பணம் வாங்கிக்கொண்டு சோதனை செய்து தருபவரிடம் போவதாக இருந்தால், அவர் 1998 கவுன்சலர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். மாலில் விரல்ரேகை வைத்து மூளையைப் படிப்பதாகச் சொல்லும் கடைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். தரவுத்தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், அதற்கு எந்தச் சான்று இருக்கிறது என்று.

சாட்பாட்டிடம் கேட்டால் உடனே பட்டியல் தருகிறதே, நூலகம் எதற்கு?

சோதனைகளின் பெயர்களை அறிமுகப்படுத்திக்கொள்ள அது உதவும். ஆனால் இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ் எல்லாம் வைத்து அழகாக எழுதித் தரும் பழக்கம் அதற்கு உண்டு. அது தரும் ஒவ்வொரு பெயரையும் தரவுத்தளத்தில் தேடுங்கள். அகப்படாததை வெட்டிவிடுங்கள்.

நூலகரிடம் எப்படிக் கேட்பது? கூச்சமாக இருக்கிறது.

‘சைக்காலஜி டெஸ்ட் வேணும்’ என்று மட்டும் சொன்னால் அவரும் பொதுவான அலமாரியைத்தான் காட்டுவார். எதை அளக்கப் போகிறீர்கள், யாரிடம், என்ன வயது, எந்த மொழி, எவ்வளவு நேரத்தில் முடிய வேண்டும் என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மலாயிலேயே எழுதுங்கள். பல்கலைக்கழக நூலகங்களில் துறைக்கென்று நூலகர்கள் இருப்பார்கள். மின்னஞ்சலிலும் பதில் தருவார்கள். மதிய இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் போய் நிற்காதீர்கள். காலையில் போங்கள்.